நூஷாவுக்கு விற்ற பூட்ஸ்

யெல்காவுக்கு இரண்டு வேலை. காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை ஸ்ரேச்சே ஊர்த் தொழிற்சாலையில் இடுக்கிகளுக்கும் கத்தரிகளுக்கும் சாணை பிடிப்பாள். வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டு, என்றைக்குமே கார் நிற்காத தன் கார் ஷெட்டுக்குள் நுழைந்தால், அங்கே பனிச்சரிவில் நின்றபடி சறுக்கிப் போகும் பனிப்பலகைகளின் எஃகு விளிம்புகளுக்குச் சாணை பிடிப்பாள். "எட்டு மணி நேரம் சம்பளத்துக்குத் தேய்க்கிறா, மிச்ச நேரம் சந்தோஷத்துக்குத் தேய்க்கிறா" என்று அவள் கணவன் லுத்விக் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். அவன் மலைமேல், கம்பியில் தொங்கி மேலேறும் நாற்காலி இழுவையில் ஆட்களை ஏற்றிவிடும் வேலையில் இருந்தான். பகலெல்லாம் பலகைக்காரர்கள் முகத்தில் விழித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலிலும் அவர்களே நிற்பார்கள் என்பது அவனுடைய நிரந்தரக் குறை.

எல்லாப் பலகைக்காரர்களும் யெல்காவிடம் வரமாட்டார்கள். மெத்தென்ற காலணி போட்டுக்கொண்டு குதித்துக் கரணம் அடிக்கிறவர்களுக்கு அவள் தேவையில்லை. அவளைத் தேடி வருகிறவர்கள் நீளமான, ஒடுக்கமான பந்தயப் பலகையில் போகிறவர்கள். கல்லைப் போன்ற பிளாஸ்டிக் பூட்ஸை மாட்டி, இரும்புக் கவ்வியால் பலகையோடு இறுக்கிக்கொண்டு, இடுப்பு பனியில் உரசும் அளவுக்குச் சாய்ந்து வளைவார்கள். அவர்கள் போன தடத்தைப் பார்த்தால் கத்தியால் கீறியதுபோல ஒரே கோடாக இருக்கும். சின்னக் கூட்டம். இவர்களுக்கென்று புதுச் சாமான் செய்கிறவர்கள் அரிது என்பதால் பழையதுதான் கைமாறிக்கொண்டே இருக்கும்.

ஏப்ரலில் பனி முடிந்ததும் பந்தயக் கழகங்கள் பழைய பலகைகளைக் கழிக்கும். யெல்கா தன் வேனை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி கிளாகன்ஃபுர்ட் வரைக்கும் போவாள். ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் நுனியிலிருந்து வால்வரை தட்டிக்கொண்டே வருவாள். உள்ளே ஒட்டு விட்டிருந்தால் சத்தம் மாறும். அதைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். கொண்டு வந்ததை அரத்தால் ராவி, வைரத்தகட்டால் தீட்டி, பிசிறெடுத்து, அடிப்பக்கம் மெழுகை உருக்கித் தேய்த்து, சுரண்டி, தூரிகை போட்டு வைத்தால் தேடிவந்து வாங்கிப் போவார்கள். பிராகாவிலிருந்தும் கிராகோவிலிருந்தும்கூட எழுதிக் கேட்பார்கள்.

முப்பத்து நாலு வயதில்தான் அவளே பலகை ஏறினாள். ஒரே ஒரு தேசியப் பந்தயத்தில் கலந்துகொண்டு இருபத்தொரு பேரில் பத்தொன்பதாவதாக வந்தாள். "மிச்ச ரெண்டு பேரும் நடுவழியில விழுந்துட்டாங்க" என்று லுத்விக் மறக்காமல் சேர்த்துச் சொல்வான். ஆனால் அவள் தீட்டிய விளிம்பில் போனவர்கள் பரிசு மேடை ஏறியிருக்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவளுடைய கௌரவம் அதுதான்: யெல்காவிடம் கேட்டால் கிடைக்கும், யெல்கா கைபட்டால் விளிம்பு பனியில் பிடிக்கும்.

பூட்ஸ் விஷயத்தில் அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பலகை பழசானால் மெதுவாகச் சொதப்பும். பூட்ஸ் பழசானால் சொல்லாமல் வெடிக்கும். பிளாஸ்டிக் உள்ளுக்குள் உலர்ந்துவிட்டால் வெளியே பளபளப்பாகவே இருக்கும். குளிரில் ஒருநாள் பீங்கான் மாதிரி உடையும். அதனால் உள்ளிருக்கும் மெத்தை உறையை உருவியெடுத்து, அடியில் அச்சில் வார்த்திருக்கும் காசளவு வட்டத்தில் வருடத்தைப் படிப்பாள். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் என்றால் விற்கமாட்டாள். சுத்தியலால் நொறுக்கிக் குப்பையில் போடுவாள். இந்தக் கண்டிப்பைப் பெருமையாக எல்லாரிடமும் சொல்லியும் வைத்திருந்தாள்.

நூஷா அவளிடம் வந்தது ஒரு நவம்பரில். முப்பத்தாறு வயது, பக்கத்து ஊரான கோன்யிட்சேயில் தபால்காரி. வண்டி போகிற வரைக்கும் வண்டியிலும், மேலே மேட்டு வீடுகளுக்கு நடந்தும் தபால் கொடுப்பாள். இரண்டு வருடமாகப் பலகை பழகி, அந்தப் பைத்தியம் நன்றாகத் தலைக்கேறியிருந்தது. சிக்கல் அவள் பாதம். இருபத்து மூன்று சென்டிமீட்டர். அந்த அளவில் யாரும் பந்தய பூட்ஸை விற்பதில்லை.

"இப்ப எதைப் போட்டுட்டுப் போறே?" என்று யெல்கா கேட்டாள்.

"சிரிலோட பொண்ணு பூட்ஸ், அக்கா. ரெண்டு சைஸ் பெரிசு. மூணு சாக்ஸ் போட்டுக்கறேன்."

சிரில் அந்த ஊர்க் கழகத்தின் மூத்தவன். பனிச்சரிவில் நின்றுகொண்டு எல்லாருக்கும் சத்தமாக யோசனை சொல்வது அவன் வழக்கம்.

"மூணு சாக்ஸா! பூட்ஸுக்குள்ள நீ ஒரு பக்கம் போவே, பலகை ஒரு பக்கம் போகும்."

"அதான் நடக்குது. எனக்கு ஒரு ஜோடி தேடிக் குடுங்களேன்."

"என்கிட்ட இல்லாத சைஸ் கிடையாதும்மா. கொஞ்சம் பொறு."

டிசம்பரில் வந்து கேட்டாள், இல்லை. புத்தாண்டு முடிந்து வந்து கேட்டாள், இல்லை. "பரவால்ல அக்கா, அந்த சைஸ்ல மனுஷங்களே கம்மி" என்று நூஷா சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பு யெல்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. சொன்ன வாக்கு நிறைவேறாமல் நிற்கிறதே என்று இரண்டு நாள் லுத்விக்கிடம்கூட முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள்.

ஜனவரி நடுவில் கிராட்ஸ் நகரத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. யாரோ ஒருவர் நிலவறையைக் காலி செய்து, மொத்தமாக அவளிடம் தள்ளிவிட்ட சாமான். அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஜோடி பந்தய பூட்ஸ். இருபத்து மூன்று. அடி தேயவில்லை, கொக்கிகள் மின்னின. யெல்கா ஆளில்லாத ஷெட்டில் நின்று "ஆகா" என்று வாய்விட்டே சொன்னாள்.

உறையை உருவி வட்டத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வருடம்.

சுத்தியல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. பூட்ஸை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலது பூட்ஸின் குதிகாலுக்கு மேலே மயிரிழை அளவில் ஒரு வெள்ளைக் கோடு. பிளாஸ்டிக் வளைந்து நொந்த இடத்தில் அப்படித்தான் வெளுக்கும். சூடு காட்டினால் வெளுப்பு மறையும். நோவு மறையாது. முப்பது வருடமாகப் பொருள்களின் உடைவைப் பார்த்த கைக்கு இது நன்றாகவே தெரியும்.

அவள் வெப்பக்காற்றுத் துப்பாக்கியை எடுத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோடு போய்விட்டது. 'அதிகம் போடாத பூட்ஸ்தானே, இருட்டறையில்தானே இருந்தது, அந்தப் பெண் எடையும் கம்மி' என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டாள். அன்றைக்கே போன் செய்தாள்.

நூஷா தபால் உடுப்போடேயே ஓடிவந்தாள். காலை நுழைத்து, கொக்கிகளைப் பூட்டி, முட்டியை மடக்கி முன்னால் சாய்ந்து பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை யெல்கா பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்குன்னே வார்த்த மாதிரி இருக்கு! எவ்வளவு வருஷம் ஆச்சு இதுக்கு?"

"அதிகம் போடாதது" என்றாள் யெல்கா.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. நூஷா கவனிக்கவில்லை. கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. கடுங்குளிர். சாயங்காலம் லுத்விக் வேலையிலிருந்து வந்து, ஒரு பிளாஸ்டிக் பையை அடுப்படி மேசைமேல் வைத்தான்.

"உன் தபால்காரி விழுந்துட்டா, யெல்கா."

"எந்தத் தபால்காரி?"

"நூஷாதான். நல்லா வளைஞ்சு வந்தா, நான் இழுவைகிட்டேர்ந்து பாத்துட்டே இருந்தேன். திடீர்னு பின்கால் பலகையை விட்டு வெளியில வந்துடுச்சு. முன்கால் மாட்டிக்கிட்டு இருக்கு. பலகை பம்பரம் மாதிரி சுத்திச்சு. இடது முழங்காலுக்குக் கீழ திருகி உடைஞ்சிருக்காம். செல்யே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க." அவன் பையைத் தள்ளினான். "இது பனியில கிடந்துச்சு. உன்கிட்ட வாங்கினதுன்னாளாம். ஏதாவது ஒட்ட முடியுமான்னு பாரு."

யெல்கா பையை ஷெட்டுக்கு எடுத்துப் போனாள். வலது பூட்ஸ் குதிகாலுக்கு மேல் இரண்டாகப் போயிருந்தது. உடைந்த முகத்தை விளக்கில் பிடித்தாள். முக்கால் பங்கு புது மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது. கால் பங்கு மங்கி, உள்ளே பழைய அழுக்கு ஏறியிருந்தது. அந்த விரிசல் அங்கே வெகுநாளாக இருந்திருக்கிறது. அவள் சூடு காட்டின அதே இடம்.

பையை முடிச்சுப் போட்டு மெழுகுப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தாள். "ஒட்ட முடியாது" என்று மட்டும் லுத்விக்கிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப்பழமும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலருகே சிரில் உட்கார்ந்திருந்தான்.

"வேகத்தைக் குறைன்னு நான் எத்தனை தடவை கத்தினேன்? கேட்டாளா? தபால் குடுக்கிற அவசரம்!" என்றான். நூஷா வலியோடு சிரித்தாள். அவன் வண்டியை எடுக்கக் கிளம்பியதும் அவள் யெல்காவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இதை உங்ககிட்டதான் கேக்க முடியும். பூட்ஸ் உடைஞ்சதால நான் விழுந்தேனா, நான் விழுந்ததால பூட்ஸ் உடைஞ்சுதா? எனக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியல. நல்லாத்தான் போயிட்டு இருந்தேன். எதுவும் தப்பா பண்ணின ஞாபகம் இல்ல."

யெல்கா உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்படித்தான் அவள் பின்னாளில் நம்ப விரும்பினாள்.

"விழுந்ததாலதான்மா உடைஞ்சிருக்கு. அந்த வேகத்துல எந்த பூட்ஸும் தாங்காது."

நூஷா அவள் கையை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தாள். "அப்ப சிரில் சொன்னதுதான் சரி" என்றாள்.

காலில் கம்பி வைத்துத் தைத்தார்கள். கோடையில் ஊன்றுகோல் போய்விட்டது. யெல்கா வாராவாரம் ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்தாள்: ஆப்பிள் ஷ்ட்ரூடல் பலகாரம், தோட்டத்துத் தக்காளி, ஒருநாள் ஒரு முழுக் கோழி. "உங்களை மாதிரி யார் அக்கா பாத்துப்பாங்க" என்று நூஷா சொல்லும்போதெல்லாம் யெல்காவுக்கு உடம்பு கூசும். வீட்டில் தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். லுத்விக் வைத்தியரிடம் போகச் சொன்னான். தொழிற்சாலையில் ஒருநாள் சாணைக்கல் கையுறையைக் கிழித்தது. முப்பது வருடத்தில் முதல் தடவை.

ஷெட்டில் வேலை நடந்தது. ஆனால் பூட்ஸ் எதையும் அவள் தொடவில்லை. வந்த பெட்டிகள் திறக்கப்படாமல் கிடந்தன.

அக்டோபர் கடைசியில் நூஷா தன் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஷெட்டுக்கு இறங்கும் சரிவில் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள்.

"இதை வித்துக் குடுங்க அக்கா."

"ஏன்? கால் கூடிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரே. ஜனவரியில ஏறலாம்னு…"

"கால் கூடிடுச்சு. நான்தான் லாயக்கில்ல. நல்லாப் போறோம்னு நினைச்சுட்டு இருக்கும்போதே தப்பு பண்ணியிருக்கேன், அது எனக்கே தெரியல. அப்படிப்பட்டவ எதை நம்பி மலை ஏறுறது? சிலருக்கு அது வராது அக்கா. விடுங்க."

பலகையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். வழக்கம்போல யெல்கா அதைக் கவ்விகளில் பூட்டி, அரத்தை எடுத்தாள். விளிம்பு முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. இடமும் வலமும் ஒரே அளவு. எங்கேயும் பதறிய அடையாளம் இல்லை. ஒரு பலகையைப் பார்த்தால் ஓட்டினவர் எப்படி ஓட்டினார் என்று யெல்காவுக்குத் தெரியும். இதை ஓட்டினவள் நன்றாக ஓட்டினவள்.

பிராகாவிலிருந்து ஒருவர் அந்தப் பலகையைக் கேட்டு இரண்டு முறை எழுதினார். யெல்கா பதில் போடவில்லை.

நவம்பரில், மார்ட்டின் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை காலை, மெழுகுப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த பையை எடுத்துக்கொண்டு கோன்யிட்சேக்குப் போனாள். நூஷா சமையலறையில், சுடுவதற்காக, செஸ்நட் கொட்டைகளைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அக்கா! உக்காருங்க, காப்பி போடறேன்."

"வேணாம். முதல்ல இதைப் பாரு." யெல்கா உடைந்த துண்டை மேசையில் வைத்தாள். விரலால் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பக்கம் புதுசா இருக்கா? இது அன்னிக்கு உடைஞ்சது. இங்க அழுக்கா இருக்கா? இது உனக்கு விக்கறதுக்கு முந்தியே விட்டிருந்தது. ஒரு வெள்ளைக் கோடு இருந்துச்சு. நான் பாத்தேன். சூடு காட்டி மறைச்சேன். பூட்ஸுக்கு வயசு பத்தொன்பது. அதையும் பாத்தேன். நீ விழுந்ததால இது உடையல, நூஷா. இது உடைஞ்சதால நீ விழுந்தே."

கத்தி நின்றது.

"ஆஸ்பத்திரியில நான் கேட்டேனே."

"கேட்டே."

"அப்ப தெரியுமா?"

"தெரியும்."

நூஷா துண்டை எடுத்து, மங்கிய பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கத்துவாள் என்று யெல்கா எதிர்பார்த்து வந்திருந்தாள். ஆனால் அவள் குரல் தணிந்துதான் வந்தது.

"கால் உடைஞ்சது பெரிசில்ல. அது கூடிடுச்சு. ஒன்பது மாசமா என் வீட்டுப் படியில நான் கம்பியைப் பிடிச்சுட்டு இறங்கறேன். தெருவுல நடக்கும்போது ஒவ்வொரு அடியும் யோசிச்சு வைக்கறேன். மேட்டு வீட்டுத் தபால் எனக்கு வேணாம்னு நானே எழுதிக் குடுத்துட்டேன், தெரியுமா? யாரும் கேக்கல. நானேதான். கடிதம் பிரிக்கிற மேசையில உக்காந்திருக்கேன். பன்னெண்டு வருஷம் நடந்த பாதை அது. என் உடம்பு என்னை ஏமாத்திடுச்சுன்னு நினைச்சு எழுதிக் குடுத்தேன். நீங்க தக்காளி கொண்டு வந்தீங்க."

"என்னை மன்னிச்சிடு நூஷா."

"இப்ப அதைக் கேக்காதீங்க. அது உங்களுக்கு வேணும். எனக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"என்ன வேணும்? சொல்லு."

"என் பலகை எங்க? வித்தாச்சா?"

"இல்ல. ஷெட்டுல இருக்கு."

"கொண்டு வந்து வாசல்ல வையுங்க. மணி அடிக்க வேணாம்."

யெல்கா அன்று மத்தியானமே கொண்டுபோய் வைத்தாள். மணி அடிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி லுத்விக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற அந்த மனிதன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

"அந்தப் பையை நான்தானே கொண்டு வந்தேன்," என்றான். "என் கையிலேர்ந்து வாங்கி ஒளிச்சு வச்சுட்டு, என்கிட்டகூட சொல்லல நீ. அவளை தினம் அந்த இழுவையில ஏத்திவிட்டவன் நான்."

அன்றிலிருந்து ஒரு வாரம் அவள் போனில் பழைய செய்திகளையெல்லாம் தோண்டினாள். தன்னிடம் பூட்ஸ் வாங்கியவர்கள் ஒவ்வொருவரையும் தேடி எழுதினாள்: உறையை உருவி வட்டத்தைப் பாருங்கள், பன்னிரண்டுக்கு மேல் என்றால் போடாதீர்கள், திருப்பி அனுப்புங்கள். தன் கண்டிப்பு தான் நினைத்த அளவுக்குக் கண்டிப்பாக இருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பதிமூன்று, பதினான்கு வருடம் ஆனவை ஆறு ஜோடி போயிருந்தன. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கிறது. நூஷாவுக்குச் செய்தது திடீரென்று வந்த தப்பில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி வந்த தப்பு.

இரண்டு ஜோடிகள் திரும்பி வந்தன. ஒருவர் அதே பூட்ஸோடு பனியில் நின்று சிரிக்கும் படத்தை அனுப்பினார். சிரில் நேரில் வந்து சத்தம் போட்டான்.

"இருபது வருஷமா என் கால்ல இருக்கு, ஒண்ணும் ஆகல! நீ ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கறே. இப்ப யார் உன்கிட்ட சாமான் வாங்குவா?"

"வாங்க வேணாம். நூஷாகிட்ட வேகம் வேகம்னு சொன்னியே, அது தப்புன்னு போய்ச் சொல்லு. நானும் பொய் சொல்லி அதுக்கு ஒத்து ஊதினேன்."

சிரில் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு போனான். போய்ச் சொன்னானா என்று அவளுக்குத் தெரியாது.

அந்தப் பனிக்காலத்தில் ஷெட்டுக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். யெல்கா பூட்ஸ் வியாபாரத்தை விட்டுவிட்டாள், பலகை மட்டும். ஜனவரியில் லுத்விக் ஒருநாள் மலையிலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "நூஷா வந்தா. கடையில வாங்கின புது பூட்ஸ். கீழ் சரிவுல ரெண்டு தடவை போனா. என்கிட்ட வணக்கம் சொன்னா" என்றான். யெல்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஷெட் கதவருகே நிழல் தட்டியது. நூஷா பலகையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"செல்யேல ஒரு கடையில மெஷின்ல குடுத்தேன். விளிம்பு பிடிக்கவே மாட்டேங்குது. ஐஸ்ல வழுக்குது." அவள் உள்ளே பார்க்காமல் பேசினாள். "நீங்க பண்ணிக் குடுங்க. நான் இங்கேயே நிப்பேன்."

"நில்லு. உக்காரணும்னா அந்த ஸ்டூல் இருக்கு."

"நிப்பேன்."

யெல்கா பலகையைப் பூட்டினாள். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். யாரோ அவசரத்தில் மழுக்கியிருந்தார்கள். அரத்தை எடுத்தாள்.

"என்ன கோணம் வைக்கப் போறீங்க?"

"எண்பத்தெட்டு டிகிரி."

"அளந்து காட்டுங்க."

யெல்கா அளவுகருவியை வைத்துக் காட்டினாள். நூஷா குனிந்து, ஒரு கண்ணை மூடி, வெளிச்சத்தில் பார்த்தாள். தலையாட்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் கேட்டாள்: இந்தத் தகடு எதற்கு, இந்தப் பக்கம் ஏன் இரண்டு தடவை, அந்தப் பிசிறை விட்டால் என்ன ஆகும். யெல்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்றாள். அக்கா என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நூஷா நின்றபடியே இருந்தாள். இடது காலை மட்டும் அவ்வப்போது மாற்றி வைத்துக்கொண்டாள். கடைசியில் தன் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் இழுத்துப் பார்த்தாள். நகத்திலிருந்து மெல்லிய சீவல் சுருண்டு வந்தது.

"பிடிக்கும்" என்றாள்.

"மேட்டு வீட்டுத் தபாலைத் திருப்பிக் கேட்டியா?" யெல்கா கேட்டுவிட்டாள்.

"கேட்டிருக்கேன். வேற ஆள் போட்டாச்சாம். பாக்கலாம்னாங்க."

அவள் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். கூலி எவ்வளவு என்று கேட்டு, யெல்கா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்ததும், "சொல்லுங்க" என்றாள். யெல்கா தொகையைச் சொன்னாள். அதை மேசைமேல் வைத்துவிட்டு நூஷா வெளியே போனாள். சரிவில் பனி உறைந்து கிடந்தது. நடுவழியில் அவள் கை சுவரைத் தேடிப் போய், தொடாமல் திரும்பி வந்ததை யெல்கா கதவோரம் நின்று பார்த்தாள்.